ஒரே பட்டன், அந்தப் பக்கம் 'க', இந்தப் பக்கம் 'ள': எல்லையோர காப்பி-பேஸ்ட் குழப்பத்துக்கு ஒரு வேர்டு மேக்ரோ

கீபோர்டில் சின்ன 'எஃப்' எழுத்தைத் தட்டுங்க. எழுத்துரு பாமினியாக இருந்தால் திரையில் 'க' வரும். அதே எழுத்தைத் தேர்ந்தெடுத்து எம்எல்-டிடி கார்த்திகா எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்க, மலையாள 'ள' ஆகிவிடும். கம்ப்யூட்டரைக் கேட்டால் இரண்டும் இல்லை, அது வெறும் ஆங்கில எஃப்தான் என்று சொல்லும்.

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்ப்பவருக்கு இது ஒரு வேடிக்கையான தகவல். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்க்காரருக்கு இது அன்றாடத் தலைவலி. கோயில் கொடை நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், சங்க உறுப்பினர் பட்டியல், வில்லேஜ் ஆபீஸுக்கான மனு என எதை எடுத்தாலும் பாதி தமிழில், பாதி மலையாளத்தில் இருக்கும். அதிலும் பாதி பழைய எழுத்துருவில், மீதி யூனிகோடில். ஒரு ஃபைலில் இருந்து இன்னொன்றுக்கு காப்பி பண்ணி ஒட்டினால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் குப்பையாக மாறும். "கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே, இதைக் கொஞ்சம் சரிபண்ணித் தா" என்று ஃபைல் உங்க வாட்ஸ்அப்புக்கு வரும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கிளிப்போர்டில் இருப்பதைப் படிக்கும் ஒரு வேர்டு மேக்ரோ போதும். ஆனால் அந்த 'படிப்பது' என்ற ஒரு வார்த்தைக்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

ஏன் இந்த ஊர்களில் மட்டும்?

1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இங்கே எல்லையே கிடையாது. பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மொழிவழி மாநிலப் பிரிவினையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பகுதிகளையும் கேட்டது. அது நடக்கவில்லை. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது.

கோடு போட்ட பிறகும் சொந்தபந்தம் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. பனச்சமூடு சந்தையில் எந்தப் பக்கத்து ஆள் எந்த மொழியில் விலை கேட்கிறார் என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. எழுத்து மட்டும் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் தமிழில், இந்தப் பக்கம் மலையாளத்தில். ஒரே தாத்தாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு லிபியிலும் இன்னொன்றில் வேறு லிபியிலும் கிடக்கும். கேரளத்தில் உள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்குக் கடிதம் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக இரண்டு லிபியும் ஒரே மேசைக்கு வருவது சட்டமே எதிர்பார்க்கிற ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் வந்தபோது இரண்டு பக்கமும் தனித்தனி வழியில் போனது. தமிழ் டிடிபி கடைகளில் பாமினி மாதிரியான எழுத்துருக்கள், கேரளப் பக்கம் சி-டாக் நிறுவனத்தின் எம்எல்-டிடி வரிசை எழுத்துருக்கள். இரண்டுமே ஒரே தந்திரத்தைச் செய்தன: ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்தில் தங்கள் மொழியின் எழுத்து வடிவங்களை வரைந்து வைத்தன. பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. கார்த்திகாவில் 'மலையாளம்' என்பது ஏ, இ, பி, எம், எஃப், டபிள்யூ. ஃபைலுக்குள் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. எழுத்துருவின் பெயர் மட்டுமே அது என்ன மொழி என்பதற்கான ஒரே சாட்சி. அந்தச் சாட்சி காப்பி-பேஸ்ட்டில் காணாமல் போவதுதான் மொத்தப் பிரச்சினையும்.

கிளிப்போர்டு உண்மையில் என்ன வைத்திருக்கிறது?

காப்பி பண்ணியதும் ஒரு துண்டு எழுத்து எங்கோ உட்கார்ந்திருக்கும் என்றுதான் நாம நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது ஒரே சரக்கின் பல பொதிகள். வேர்டில் ஒரு வரியை காப்பி பண்ணினால் விண்டோஸ் கிளிப்போர்டில் அது வெறும் எழுத்தாக ஒரு தடவை, யூனிகோடு எழுத்தாக ஒரு தடவை, எழுத்துரு, நிறம் எல்லாம் சேர்ந்த ஆர்டிஎஃப் ஆக ஒரு தடவை, எச்டிஎம்எல் ஆக ஒரு தடவை எனக் கிடக்கும். எந்தப் பொதியை எடுப்பது என்பதை ஒட்டுகிற இடம்தான் முடிவு செய்கிறது. நோட்பேடில் ஒட்டினால் அது வெறும் எழுத்தை மட்டும் எடுக்கும். இன்னொரு வேர்டு ஃபைலில் ஒட்டினால் அலங்காரத்தோடு எடுக்கும்.

இந்தப் பொதிகளுக்கு எண்கள் உண்டு. பழைய வெறும் எழுத்துக்கு 1, யூனிகோடு எழுத்துக்கு 13. யூனிகோடு தமிழை காப்பி பண்ணிவிட்டு ஒரு பழைய மென்பொருளில் ஒட்டியதும் வரிசையாகக் கேள்விக்குறி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அது 1-ஆம் எண் பொதியை எடுத்த கதை. அந்தப் பொதிக்குள் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி.

பழைய எழுத்துரு ஃபைலில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே கேள்விக்குறி வராது. எல்லா எழுத்தும் பத்திரமாக வந்து சேரும், ஆனால் ஆங்கில எழுத்தாக. இது இன்னும் ஆபத்தானது என்பேன். கேள்விக்குறியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஏதோ தப்பு என்று புரியும். ஆங்கிலக் குப்பையில் ஏதோ ஒரு எழுத்துருவைத் தேய்த்தால் படிக்கும்படி ஏதாவது வந்துவிடும். அது சரியான பெயர்தானா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

மேக்ரோ எப்படிப் படிக்கும்?

வேர்டைத் திறந்து ஆல்ட்-எஃப்11 அழுத்துங்க. விபிஏ எடிட்டர் வரும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் வழக்கமான வழி 'டேட்டாஆப்ஜெக்ட்'. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் 2.0 நூலகத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொருள் அது. அந்த நூலகத்தைப் பட்டியலில் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒரு யூசர்ஃபார்மைச் செருகினால் நூலகம் தானாகச் சேர்ந்துவிடும். பிறகு ஃபார்மை அழித்தாலும் நூலகம் போகாது. அடுத்து மூன்றே அடி. புதிய டேட்டாஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்க வேண்டும், 'கெட்ஃப்ரம்கிளிப்போர்டு' என்று கூப்பிட வேண்டும், 'கெட்டெக்ஸ்ட்' கொடுப்பதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் 'கெட்ஃபார்மேட்' வைத்து எழுத்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்க. இல்லாவிட்டால் யாராவது படத்தை காப்பி பண்ணிவிட்டு மேக்ரோவை ஓட்டும்போது அது பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

ஒரு ஆங்கில அலுவலகத்துக்கு இது போதும். நம்ம வேலைக்குப் போதாது. காரணம் மேலே சொன்னதுதான்: கெட்டெக்ஸ்ட் வெறும் எழுத்தை மட்டும் தரும், எழுத்துருப் பெயரைத் தராது. எஃப் என்று ஒரு எழுத்து கையில் வந்துவிட்டது. அது 'க'வா 'ள'வா? எப்படித் தெரியும்?

அதனால் நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. மேக்ரோ முதலில் ஒரு புதிய வேர்டு ஆவணத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் திறக்கட்டும். டாக்குமென்ட்ஸ்.ஆட் கட்டளையில் 'விசிபிள்' என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்தால் போதும். அதில் கிளிப்போர்டில் உள்ளதை மூல அலங்காரத்தோடு ஒட்ட வேண்டும். 'பேஸ்ட்அண்ட்ஃபார்மேட்' கட்டளைக்கு 16 என்ற எண்ணைக் கொடுத்தால் அதுதான் அர்த்தம். வெறும் 'பேஸ்ட்' போட்டால் போகும் ஆவணத்தின் ஸ்டைலை எடுத்துக்கொண்டு, நாம தேடுகிற எழுத்துருப் பெயரையே வேர்டு அழித்துவிடக்கூடும். ஒட்டியதும் பத்தி பத்தியாகப் போய் எழுத்துருப் பெயரைக் கேளுங்க. ஒரு பத்தியில் இரண்டு எழுத்துரு கலந்திருந்தால் வேர்டு வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். அது பிழை இல்லை, 'உள்ளே இறங்கிப் பார்' என்கிற சமிக்ஞை. சொல் சொல்லாக, அதிலும் கலந்திருந்தால் எழுத்து எழுத்தாக இறங்குங்க. வேலை முடிந்ததும் அந்த ஆவணத்தைச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு எழுத்தைப் பற்றியும் இரண்டு விஷயம் தெரியும்: அதன் எண், அதன் எழுத்துரு. எண் 2944 முதல் 3071 வரை என்றால் யூனிகோடு தமிழ். 3328 முதல் 3455 வரை என்றால் யூனிகோடு மலையாளம். இரண்டையும் தொடக்கூடாது. எண் 256-க்குக் கீழே இருந்து எழுத்துரு பாமினி என்றால் பழைய தமிழ். எம்எல்-டிடி என்று தொடங்கினால் பழைய மலையாளம். டைம்ஸ் நியூ ரோமன் மாதிரி வேறு எதுவாவது என்றால் அது நிஜமான ஆங்கிலம், அப்படியே விட்டுவிடலாம். வீட்டு எண், பின்கோடு, ஈமெயில் முகவரி எல்லாம் இப்படித்தான் தப்பிக்கும்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. விண்டோஸிலேயே 'கார்த்திகா' என்று ஒரு மலையாள எழுத்துரு வரும், அது யூனிகோடு. பழையது எம்எல்-டிடி கார்த்திகா. பெயரில் கார்த்திகா இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தால் வம்பு. முன்னால் எம்எல்-டிடி இருக்கிறதா என்று பாருங்க.

எழுத்துருப் பெயரே இல்லாமல் வந்தால்? நோட்பேடில் இருந்தோ வாட்ஸ்அப் வழியாகவோ வந்த எழுத்து அப்படித்தான் இருக்கும். அதற்கும் ஒரு தடயம் உண்டு. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை. தமிழில் மெய்யெழுத்து இல்லாமல் ஒரு வரி எழுதுவது கஷ்டம், அதனால் அரைப்புள்ளி வரிக்கு வரி கொட்டிக் கிடக்கும். ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி வரும், பாமினியில் அடுத்த எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். இதை வைத்து ஊகிக்கலாம். ஆனால் ஊகித்ததை மேக்ரோ தானாகச் செய்து முடிக்க விடாதீங்க. 'இது பாமினி போலத் தெரிகிறது, மாற்றட்டுமா?' என்று ஒரு பெட்டி வந்து கேட்கட்டும்.

மாற்றும்போது எங்கே சறுக்கும்?

எழுத்துக்கு எழுத்து மாற்றுவதுதானே என்று தோன்றும். 'குமார்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்க. பாமினியில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. வேர்டின் ஃபைண்ட்-ரீப்ளேஸ் தானாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. 'மேட்ச் கேஸ்' டிக் பண்ணாமல் மாற்றினால் ஊரில் உள்ள அத்தனை குமார்களும் 'கமார்' ஆகிவிடுவார்கள். விபிஏ-வின் 'ரீப்ளேஸ்' செயற்கூறு இந்த வேறுபாட்டைத் தானாகவே பார்க்கும், ஆக எழுத்தை மாறியில் வாங்கி அங்கேயே மாற்றுவது பாதுகாப்பு.

அடுத்தது வரிசை. 'கேரளம்' என்ற சொல் பாமினியில் பெரிய என், சின்ன எஃப், யு, எஸ், கே, அரைப்புள்ளி. முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு 'க'. கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. கார்த்திகாவிலும் அதே கதைதான், டி என்ற கொம்பு விசைக்குப் பிறகுதான் 'க'. யூனிகோடிலோ 'க' முதலில், ஏகாரக் குறி பின்னால். ஆக கொம்பைக் கண்டதும் மேக்ரோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த மெய்யெழுத்தைத் தாண்டிப் போய் வைக்க வேண்டும். மலையாளத்தில் இன்னொரு வேலையும் கூடுதல். 'பிரேமா' போன்ற பெயரில் ரகரக் குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் வரையப்படுகிறது, 1971 லிபி சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்த வடிவம் அது. ஆக 'ப'வுக்கு முன்னால் கொம்பும் ரகரக் குறியும் சேர்ந்து இரண்டு பேர் நிற்பார்கள். இரண்டு பேரையும் சரியான வரிசையில் பின்னால் அனுப்ப வேண்டும், முதலில் ரகரம், அதற்குப் பின் ஏகாரம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த சிக்கல் 'வெள்ளறடை'. எல்லையோர ஊராட்சி அது, பனச்சமூடு அதற்குள்தான். பாமினியில் ஔகாரத்தின் சிறகுக்குத் தனி விசை இல்லை, 'ள'வையே போடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் 'கௌரி' என்று எழுத ஒற்றைக் கொம்பு, க, ள, பிறகு ரி. இதைப் பார்த்து 'கொம்பும் ளகரமும் ஒரு எழுத்தைச் சூழ்ந்தால் ஔகாரம்' என்று விதி எழுதினால் கௌரி சரியாக வருவார். ஆனால் வெள்ளறடையில் 'வெ'வுக்கு அடுத்த 'ள்' ஔகாரச் சிறகாக மாறி, புள்ளி அனாதையாக நிற்கும். தீர்வு எளிது: ளகரத்துக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது நிஜமான ளகரம், வராவிட்டால் மட்டும் ஔகாரம். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெயர்களைப் பொறுத்தவரை நன்றாகவே வேலை செய்யும் விதி.

இன்னொரு எரிச்சல், விபிஏ எடிட்டருக்குள் தமிழோ மலையாளமோ நேரடியாகத் தட்டச்சு செய்ய முடியாது, கேள்விக்குறிதான் வரும். 'சிஎச்ஆர்டபிள்யூ' என்ற செயற்கூறில் எண்ணாகக் கொடுக்க வேண்டும். 2965 என்றால் தமிழ் 'க', 3349 என்றால் மலையாள 'க'. இருநூறு எழுத்துக்கு இப்படி எண் எழுதினால் நாளைக்கு உங்களுக்கே புரியாது. அதற்குப் பதில் ஒரு வேர்டு ஃபைலில் இரண்டு பத்தி அட்டவணை போடுங்க. இடப்பக்கம் பழைய விசை, வலப்பக்கம் யூனிகோடு எழுத்து. மேக்ரோ அதைப் படித்துக்கொள்ளட்டும். ஊரில் உள்ள டிடிபி அண்ணனே ஒரு எழுத்து தவறினால் அட்டவணையில் திருத்திக்கொள்வார், உங்களை ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட மாட்டார்.

முழு அட்டவணையை நீங்களே தயாரிக்கணும் என்றில்லை. தமிழுக்கு நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. மலையாளத்துக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் 'பய்யன்ஸ்' இருக்கிறது. வி.கே.என். படைத்த கதாபாத்திரத்தின் பெயர் அது, ரசனையான ஆட்கள். ஒரே மொழியில் முழு ஃபைல் என்றால் இவை போதும். ஒரே பக்கத்தில் மூன்று மொழி கலந்த நெய்யாற்றின்கரை நோட்டீஸுக்குத்தான் எழுத்துருப் பெயர் பார்க்கும் மேக்ரோ வேண்டியிருக்கிறது.

யூனிகோடு ஆகிவிட்டால் முடிந்ததா?

இல்லை. 'ராஜன்' என்று மலையாளத்தில் எழுதினால் கடைசி எழுத்து ஒரு சில்லு. 2008-இல் வந்த யூனிகோடு 5.1-க்கு முன்பு அந்த சில்லுவை மூன்று குறிகளால் எழுதினார்கள்: ந, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்பான். 5.1-இல் அதற்குத் தனி எண் கிடைத்தது, 3451. திரையில் இரண்டு ராஜனும் ஒரே மாதிரி. கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஆட்கள். பழைய பட்டியலில் ஒருவிதம், புதிய மனுவில் இன்னொருவிதம் என்றால் தேடும்போது 'பெயர் இல்லை' என்று வரும். எண்ணிப் பாருங்க, 'ன்' என்று முடியாத ஆண் பெயர் இந்தப் பக்கம் எத்தனை? ராஜன், சந்திரன், மோகனன், ரவீந்திரன்.

தமிழிலும் இதே நோய் உண்டு. 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் வரும். 'கொ' என்பதில் ஒகாரம் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் இருக்கலாம். ஆக மேக்ரோவின் கடைசி வேலை இதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பழைய மூன்று குறிச் சில்லுகளைத் தனி எண்ணுக்கு, துண்டு ஒகாரத்தை ஒற்றைக் குறிக்கு, இரண்டு ஸ்ரீ-யையும் ஒன்றுக்கு. பத்துப் பன்னிரண்டு மாற்று வரிகள்தான். ஆனால் ஒரு பட்டியலில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பது இந்த வரிகளில் தொங்கலாம். பிறகு மொத்தத்துக்கும் நிர்மலா யுஐ எழுத்துருவைப் போட்டுவிடுங்க, விண்டோஸ் 8-இல் இருந்து கூடவே வருகிறது, தமிழும் மலையாளமும் இரண்டும் அதில் உண்டு.

தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஃபைல்கள்தான் இன்னும் டிடிபி கடைகளின் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. கடை மூடும்போது, எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகும்போது, அவை ஆங்கிலக் குப்பையாகிவிடும்.

கிளிப்போர்டைப் படிக்கும் மேக்ரோ, உங்களையும் படிக்கும்

இந்த மேக்ரோவுக்கு நல்லது கெட்டது தெரியாது. கிளிப்போர்டில் கடைசியாக இருப்பது எதுவோ அதைப் படிக்கும். அது நோட்டீஸாக இருக்கலாம், ஆதார் எண்ணாக இருக்கலாம், வங்கி பாஸ்வேர்டாக இருக்கலாம். 2020-இல் ஐஓஎஸ் 14 சோதனைப் பதிப்பு, செயலிகள் கிளிப்போர்டைத் தொடும்போதெல்லாம் திரையில் அறிவிப்பு காட்டத் தொடங்கியது. டிக்டாக் உட்படப் பல செயலிகள் அடிக்கடி எட்டிப் பார்ப்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. விண்டோஸில் வேர்டு மேக்ரோ எட்டிப் பார்த்தால் அப்படி எந்த அறிவிப்பும் வராது.

அதனால் வாட்ஸ்அப்பில் யாராவது 'சூப்பர் கன்வர்ட்டர் மேக்ரோ' என்று ஃபைல் அனுப்பினால் ஓட்டாதீங்க. இணையத்தில் இருந்து இறங்கிய ஃபைல்களில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. 'ப்ராப்பர்ட்டீஸ் போய் அன்பிளாக் டிக் பண்ணு' என்று யாராவது சொல்லித் தந்தால், அவர் நல்லவரே ஆனாலும், குறியீட்டை வரி வரியாகப் படித்துப் பார்க்காமல் அதைச் செய்யாதீங்க. 1999-இல் மெலிசா வைரஸ் பரவியதும் ஒரு வேர்டு மேக்ரோ வழியாகத்தான். நீங்களே எழுதி, உங்க கம்ப்யூட்டரின் நார்மல் டெம்ப்ளேட்டில் வைத்துக்கொள்வது நல்லது. படித்ததை எந்த ஃபைலிலும் பதிவு செய்து வைக்கும் வரி அதில் இருக்கக்கூடாது.

அக்ஷயா மையத்திலோ களியக்காவிளைப் பக்கத்து இ-சேவை மையத்திலோ பொதுக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தால் இன்னொன்று. விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்திப் பாருங்க. கிளிப்போர்டு ஹிஸ்டரி இயக்கத்தில் இருந்தால் கடைசியாக காப்பி பண்ணிய 25 துண்டுகள் வரை வரிசையாக நிற்கும். முன்னால் வந்துபோன ஆளின் ஆதார் எண்ணும் அதில் இருக்கலாம். 'கிளியர் ஆல்' கொடுத்துவிட்டு எழுந்திருங்க. பின் பண்ணி வைத்தவை அப்போதும் போகாது, அவற்றைத் தனியாக அழிக்கணும்.

பள்ளிக் கம்ப்யூட்டரில் வேர்டு இல்லையே?

கேரளப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஐடி@ஸ்கூல் காலத்தில் இருந்தே குனு/லினக்ஸ்தான், இப்போது அந்த வேலையை கைட் நிறுவனம் பார்க்கிறது. அங்கே இருப்பது லிப்ரேஆபிஸ். விபிஏ-வின் டேட்டாஆப்ஜெக்ட் அங்கே கிடையாது. அதற்குப் பதில் 'சிஸ்டம்கிளிப்போர்டு' என்ற சேவையைக் கூப்பிட்டு, 'கெட்கன்டென்ட்ஸ்' மூலம் உள்ளடக்கத்தை வாங்கி, என்னென்ன பொதிகள் இருக்கின்றன என்று கேட்க வேண்டும். பட்டியலில் யுடிஎஃப்-16 வெறும் எழுத்து என்று ஒன்று இருக்கும், அதை எடுத்தால் போதும். உண்மையைச் சொன்னால் இது வேர்டை விட நேர்மையான முறை. என்னென்ன பொதி இருக்கிறது என்பதை மறைக்காமல் முதலிலேயே காட்டிவிடுகிறது. எழுத்துருப் பெயர் வேண்டுமானால் இங்கேயும் மறைவான ஆவணத்தில் ஒட்டித்தான் பார்க்கணும். லிப்ரேஆபிஸின் பேசிக் எடிட்டரில் தமிழையும் மலையாளத்தையும் நேரடியாகத் தட்டலாம் என்பது ஒரு நிம்மதி.

எழுதி முடித்ததும் பெரிய பட்டியலை அதில் போடுவதற்கு முன் சின்னதாக ஒரு சோதனை ஓட்டுங்க. மூல ஃபைலின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துவிட்டு இந்தப் பெயர்களை மட்டும் மாற்றிப் பாருங்க: குமார், கௌரி, ஸ்ரீதேவி, பிரேமா, ராஜன், கொல்லங்கோடு, வெள்ளறடை, நெய்யாற்றின்கரை. இந்த எட்டும் இரண்டு லிபியிலும் சரியாக வந்து, ஃபைண்ட் பெட்டியில் புதிதாகத் தட்டித் தேடினாலும் கிடைத்தால், பட்டியலைத் தொடங்கலாம். அச்சுக்குப் போகும் முன் ஒரு தாளில் எடுத்து, தமிழ் படிக்கிற ஒருவரிடமும் மலையாளம் படிக்கிற ஒருவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. அந்த ஊர்களில் இரண்டும் ஒரே வீட்டிலேயே கிடைப்பார்கள்.